வெடித்துக்கொண்டே இருந்த கொட்டகை

நெடுங்கரிசல் பட்டாசு ஆலையின் கடைசிக் கொட்டகை வெடித்து மூன்று பெண்கள் செத்துப்போய், அவர்களைப் பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்த மறுநாள் காலையில், செத்தவர்களில் ஒருத்தியான வேலம்மாளின் மகள் காளீஸ்வரி, டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் செண்பகராஜின் கடைக்குப் படியேறிப் போய், கையிலிருந்த போனை நீட்டி, "அண்ணே, இதக் கொஞ்சம் மெதுவா ஓட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

அந்த வழியாகப் போன லாரிக்காரர் ஒருவர் புகையைக் கண்டு வண்டியை ஓரங்கட்டி எடுத்த துண்டு வீடியோ அது. ஊரில் எல்லாருடைய போனுக்கும் வந்து எல்லாரும் பார்த்து எல்லாரும் அடுத்தவருக்கு அனுப்பி முடித்திருந்தார்கள். கொட்டகைக்குள் தீ ஏற்கெனவே பிடித்திருக்கிறது. வாசலில் மூன்று பெண்கள் தெரிகிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் வெள்ளையாகிப் பிறகு எல்லாம் கறுப்பாகிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் மூன்று குடும்பங்களையும் கூப்பிட்டு யார் யாருடையது என்று காட்டச் சொன்னபோது, கரிக்கு முகம் ஏது, அடையாளம் ஏது, மூன்று குடும்பமும் ஒரே உடலைக் காட்டி எங்களுடையது என்று அழுதார்கள். அம்மா வாசலில் எந்தப் பக்கம் நின்றாள் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் கிடந்தது அம்மா என்று சொல்லிவிடலாம் என்பது காளீஸ்வரியின் கணக்கு.

செண்பகராஜிடம் அவள் வந்ததற்குக் காரணம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் அட்சதை அவன் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் மணமக்கள் தலையில் விழுந்தது. ஐயர் வீட்டு மந்திரமும் நாடார் வீட்டு நாதஸ்வரமும் அவனுக்கு ஒன்றுதான். தாலி ஏறுகிற இடம் வந்தால் கிளிப்பை இழுத்து, வேகத்தைக் குறைத்து, மஞ்சளரிசி ஒவ்வொன்றும் பூப்போல ஆடி ஆடி இறங்குகிற மாதிரி செய்துவிடுவான். மணப்பெண் புகுந்த வீட்டுக்குக் கார் ஏறுகையில் திரும்பிப் பார்க்கும் ஒற்றைப் பார்வையை அவன் நீட்டுகிற நீட்டில், அழாத தாய்மாமனும் அழுதுவிடுவார்.

"பாக்காத பாப்பா," என்றான் செண்பகராஜ். "பாத்தா ஆயுசுக்கும் கண்ணுல நிக்கும்."

"நிக்கட்டும்ணே. எங்கம்மாவ மாத்தி வேற யாரையோ எரிச்சிட்டு வந்தா, அதுவும்தான் நிக்கும்."

அவன் போனை வாங்கி, வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டைம்லைனில் வைத்து, வேகம் என்று போட்டிருந்த இடத்தில் நூறை அழித்துவிட்டுப் பத்து என்று அடித்தான். ஓட்டினான். தீ செம்பருத்தி விரிகிற மாதிரி விரிய, மூன்று பெண்களும் தண்ணீருக்குள் நடக்கிறவர்களைப்போல வாசலைத் தாண்டிக் கால் வைக்க, இடதுபக்கம் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி வந்தவளைக் காட்டி, "அது எங்கம்மா," என்றாள் காளீஸ்வரி. நடுவில் வந்தவள் தங்கப்புஷ்பம், மூவரில் மூத்தவள். வலதுபக்கம் ராஜகனி, அந்த வைகாசியில்தான் கல்யாணமானவள். செண்பகராஜுக்குப் பழக்கதோஷம், எதைச் செய்தாலும் சேவ் கொடுத்துவிடுவான். கொடுத்தான்.

அந்த நேரத்தில் பிணவறையில் நின்றிருந்த அவள் அப்பா சுடலைமணி போன் செய்தார்.

"ஏ புள்ள, தூக்கிட்டுப் போகலாம்னு உள்ள வந்தா, துணி மட்டும்தான் கெடக்கு. ஆளுகளக் காணோம்."

அவர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. எரிந்து தரைமட்டமாகக் கிடந்த கொட்டகை மறுபடி எழுந்து நின்றிருந்தது. கூரைத் தகரங்கள் பருந்துபோல் அந்தரத்தில் விரிந்திருந்தன. தீ அவற்றுக்குக் கீழே, அவசரமில்லாமல், இதழ் இதழாகத் திறந்துகொண்டிருந்தது. வாசலில் மூன்று பெண்களும் உயிரோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். வேலம்மாளின் வலது கால் தரையிலிருந்து எழும்பியிருந்தது. அது மறுபடி தரையைத் தொட ஒரு மாதம் பிடித்தது. கம்ப்யூட்டர் கணக்கு வேறு, கரிசல் மண்ணின் கணக்கு வேறு.

சாவுத் துட்டிக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எடுத்த அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றார்கள். பிறகு பந்தலைப் பிரித்தார்கள். மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வடித்த சோறு வீணாகக் கூடாதென்று சாப்பிட்டுவிட்டு, "போய்ட்டு வாரோம்" என்று சொல்லக்கூடாத வீட்டில் அதைச் சொல்லலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் கேட்டு, கடைசியில் சொல்லிவிட்டே போனார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. தண்ணீர் கொட்டகையை நெருங்கியதும் கண்ணாடிக் கயிறாகத் திரிந்து அந்தரத்தில் தொங்கியது. போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. எப்போது சேரும் என்றுதான் தெரியவில்லை. சுடலைமணி, பொண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துவிடுவது என்று ஓடினார். மணிக்கட்டுவரை உள்ளே போன கை அவருடைய கையாக இல்லாமல் போயிற்று. முன்னுக்குப் போகச் சொன்னால் முன்னுக்குப் போகவில்லை, பின்னுக்கு வரச் சொன்னால் பின்னுக்கு வரவில்லை. ஊர்க்காரர்கள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முறைவைத்து நின்று, பகலும் இரவும் சோறு ஊட்டி, ஒருவழியாகக் கையை வெளியே எடுத்தபோது விரல்கள் வெந்திருந்தன. அதற்குப்பிறகு போலீஸ் கயிறு கட்டியது. கயிறுக்கு இந்தப் பக்கம் நம் வேகம், அந்தப் பக்கம் அவர்கள் வேகம்.

மகளைக் கயிற்றருகே நிறுத்திவிட்டுச் சுடலைமணி செண்பகராஜிடம் போனார். "ரிவர்ஸ் போடுப்பா," என்று கேட்டார். அவன் போட்டான். மூன்று பெண்களும் முதுகைக் காட்டாமல், முகத்தைக் காட்டியபடியே, பின்காலால் தீக்குள் போனார்கள். வீடியோ தொடங்குகிற இடத்திலேயே தீ இருந்தது. அதற்கு முன்னால் எதுவும் அந்த லாரிக்காரர் எடுத்திருக்கவில்லை. கயிற்றருகே நின்றிருந்த காளீஸ்வரி போனில், "போதும்ணே, போதும், முன்னால ஓட்டுங்க," என்று கத்தினாள்.

இன்னும் மெதுவாக்கிப் பார்த்தார்கள். அதற்கும் ஒரு எல்லை இருந்தது. போனில் எடுத்த படத்தில் இருப்பதே கொஞ்சம் ஃப்ரேம்கள். அதற்கும் மேல் இழுத்தால் நடுவில் இல்லாததை சாஃப்ட்வேர் தானாக வரைந்து நிரப்பும். அது வரைந்தபோது வேலம்மாளின் கை கதவுச் சட்டத்தோடு குழைந்தது. ராஜகனியின் காது புகையோடு கரைந்தது. கயிற்றருகே நின்றவர்கள் அலறினார்கள். செண்பகராஜ் பதறிப்போய்ப் பழையபடி பத்துக்கே கொண்டுவந்தான். கையும் காதும் திரும்பி வந்தன. அதோடு அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

தாசில்தார் ஜீப்பில் வந்து, குடைக்கடியில் நின்று, நெடுநேரம் பார்த்தார்.

"இவங்க உயிரோடதானே இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா," என்றார் சுடலைமணி.

"அப்ப செத்தவங்களுக்குக் குடுக்கற நிவாரணத்த நான் எப்படிப்பா குடுக்க முடியும்?"

அதுவும் நியாயம்தானே என்றார்கள் ஊரில். மதுரைப் பக்கம் எங்கோ ஒளிந்திருந்த ஆலை முதலாளி ராஜரத்தினம், சாவே இல்லாத இடத்தில் வழக்கு எப்படி நிற்கும் என்று வக்கீல் சொன்னதும் ஊருக்குத் திரும்பி வந்தார். ஆளுயர மாலை மூன்று கொண்டுவந்து கயிற்றில் கட்டினார். மற்றக் கொட்டகைகளைத் திறந்தார். "என் ஆலையில இன்னி வரைக்கும் ஒரு உசுரு போனதில்ல," என்று எல்லா மேடையிலும் சொன்னார். அது பொய்யென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ரேஷனில் மூவருக்கும் அரிசி வந்தது. தேர்தலில் மூவரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள், யார் போட்டார்கள் என்று கேட்கக்கூடாது. ராஜகனியின் புருஷன் ஓர் ஆடி கழிந்து, மறு ஆடியும் கழிந்தபின், வேறு கல்யாணம் செய்யப் பெண் பார்த்தான். பொண்டாட்டி உயிரோடிருக்கையில் எப்படி என்று பெரியவர்கள் கேட்டார்கள். சரி, அவளிடமே கேட்டுவிடுவோம் என்று புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றருகே நிறுத்தி, "ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்கள். வெயில் தாழும்வரை காத்திருந்தார்கள். ராஜகனி மறுப்புச் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கும் செண்பகராஜ்தான் வீடியோ.

சாமி கும்பிட முதலில் வந்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. எலுமிச்சம்பழ மாலை ஒன்று தொங்கியது. பிறகு பத்துத் தொங்கின. வீட்டை ஜப்தி செய்ய நோட்டீஸ் வந்தவர் வேண்டிக்கொண்டு போக, ஜப்தி தள்ளிப்போனது. சாகக்கிடந்த மாமனாரின் மருமகள், தன் மகனின் பரீட்சை முடியட்டுமென்று வேண்டிக்கொண்டு போக, மாமனார் பரீட்சை முடிந்த மறுநாள்தான் போனார். நடக்க வேண்டியதை நடத்திக்கொடுக்கிற சாமி எல்லா ஊரிலும் உண்டு; தள்ளிப்போட வேண்டியதைத் தள்ளிப்போடுகிற சாமி நெடுங்கரிசலில் மட்டும்தான் என்று பெயர் பரவியது. மூணம்மன் என்றார்கள். டவுன் பஸ் அங்கே நின்றுபோகத் தொடங்கியது. தேங்காய்க்கடை வந்தது, பொரிகடலைக்கடை வந்தது, செருப்பு பாதுகாக்கிறவர் வந்தார். பெரியகருப்பன் என்று ஒருவர், அதுவரை ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர், மஞ்சள் வேட்டி கட்டிப் பூசாரியானார். முதலாளி தகரப்பந்தல் போட்டுக் கொடுத்தார்.

ஒரு சத்தம் மட்டும் இருந்தது. கொட்டகைப் பக்கமிருந்து, மண்ணுக்கடியில் மாவுமில் ஓடுகிற மாதிரி, அடிவயிற்றில் கேட்கிற ஒரு முனகல். முதல் மாதம் யாருக்கும் தூக்கமில்லை. பிறகு பழகிவிட்டது. பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்டே தூங்கின. வெளியூர் கூட்டிப் போனால் தூங்காமல் அழுதன. வெளியூர்ப் பக்தர்களுக்கு அது ஒருமாதிரி இருந்ததால் பெரியகருப்பன் ஒலிபெருக்கி கட்டிப் பக்திப் பாட்டுப் போட்டார்.

சுடலைமணி வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வேலம்மாளுக்கு நேராக உட்கார்ந்தால் பொழுதுசாயத்தான் எழுந்திருப்பார். வேறு யார் கண்ணுக்கும் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "இன்னிக்கு ஒங்கம்மா முடி ஒரு இழை முன்னால வந்திருக்கு," என்பார். "புருவம் லேசா எறங்கியிருக்கு, பாத்தியா?" சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவர் பொண்டாட்டி முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. குடித்துவிட்டு வந்த நாட்களையெல்லாம் அவளிடம் மெல்லச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவளும் கோபப்படவில்லை.

அம்மாவின் சம்பளம் நின்றது, அப்பாவின் சம்பளமும் நின்றது. காளீஸ்வரி காலேஜை நிறுத்திவிட்டு அதே ஆலையில் பட்டாசுச் சரம் பின்னப் போனாள். அவளுடைய கொட்டகைக்கும் அம்மாவின் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். கை தன்பாட்டுக்குத் திரியைப் பின்ன, முனகலும் பாட்டுமாகக் காதில் ஏறிக்கொண்டிருக்கும். ஒருநாள் மத்தியானம் கரண்டு போனது. பாட்டு நின்றது. வெறும் முனகல் மட்டும் கேட்டபோது, இது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. தீயின் சத்தமென்றால் தீ முழுக்க வர வேண்டும். இது வாசலின் இடதுபக்கத்திலிருந்து வந்தது.

போனில் அதைப் பதிந்துகொண்டு, மறுநாள் லீவு சொல்லிவிட்டு, செண்பகராஜ் கடைக்குப் படியேறினாள். கடை பெரிதாகியிருந்தது. ஏ.சி. போட்டிருந்தான். மூணம்மனை முதன்முதலில் நிறுத்திவைத்த கம்ப்யூட்டர் என்று பழைய கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, கரண்டு போனாலும் அணையாதபடி முதலாளி செலவில் பேட்டரி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, ஒரு கிளிப்ப மெதுவாக்குனா அதுல உள்ள சத்தம் என்ன ஆகும்?"

"சத்தமா? அத நாங்க எடுத்துருவோம் பாப்பா. மியூட் போட்டுட்டு மேல பாட்டு வச்சிருவோம்."

"எடுக்காம விட்டா?"

"இழுத்து இழுத்துக் கேக்கும். பொம்பளக் கொரலே மாடு முனகுற மாதிரி ஆயிரும். யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் போனை நீட்டினாள். "இத வேகமாக்குங்க."

செண்பகராஜ் அவளைப் பார்த்தான். கேட்கப் போவது என்னவென்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் அந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்றும் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தைச் சுருக்கினான். நாள்கணக்கில் நீண்ட முனகலில் அவள் பதிந்தது ஒரு துளிதான். சுருக்கச் சுருக்க அது மேலேறி மேலேறி, மாடாக இருந்தது மனிதக் குரலாகி, கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து வேலம்மாள் கத்தினாள். "எரியுதே" என்ற சொல்லின் நடுத்துண்டு. தன் பெயர் அதில் இருக்குமென்று காளீஸ்வரி நினைத்திருந்தாள், அப்பா பெயராவது. யார் பெயரும் இல்லை.

நேராக அப்பாவிடம் போனாள். சுடலைமணி கயிற்றருகே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மாவுக்கு வலிக்குது."

"யாரு சொன்னா?"

அவள் போனைக் காதில் வைத்தாள். அவர் கேட்டார். ஒருமுறைதான் கேட்டார். கையால் போனைத் தள்ளிவிட்டு, வெந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும் புள்ள," என்றார். "முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

"இருக்காள்ல. இல்லாமப் போறதுக்கு இருக்கது மேல்."

"ஒனக்கு மேலுப்பா. அவளுக்கு?"

புருவம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் காளீஸ்வரி எழுந்து நின்று அந்தத் துண்டுச் சத்தத்தை மைக்கில் போட்டாள். அத்தனை பேரும் கேட்டார்கள். தேங்காய்க்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஊரில் உண்மையை யாரும் மறுப்பதில்லை. பெரியகருப்பன் மைக்கை வாங்கி, "அம்மன் வாக்குக் குடுத்திருக்கா," என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. எரியுதே என்றால் என்ன பொருள், மழை குறையும் என்றா, வெயில் கூடும் என்றா என்று பேச்சு அந்தப் பக்கம் போனது.

முதலாளி மட்டும் கூட்டம் கலைந்தபிறகு செண்பகராஜைத் தனியாக அழைத்தார். அவருக்கு வேறொரு கவலை. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஓடுகிற கிளிப் ஒருநாள் முடியும். வேலம்மாளின் முந்தானை நுனியில் தீ ஏறியாயிற்று. முடிந்தால் மூன்று சாவு; மூன்று சாவென்றால் வழக்கு.

"ஒரேயடியா நிப்பாட்டிரு செண்பகம்," என்றார். "ஃப்ரீஸ்னு ஏதோ சொல்வீங்களே. கல்லு மாதிரி நிக்கட்டும். கோபுரம் கட்டிருவோம். அந்தப் பிள்ள சொல்லுத வலியும் நின்னு போவும்ல."

அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் வைக்கிற அன்று மேளதாளத்தோடு நிறுத்துவதென்று முடிவானது. நோட்டீஸ் அடித்தார்கள். காளீஸ்வரி நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி அந்தப் படியில் ஏறினாள்.

"நிப்பாட்டினா வலி நின்னுருமாண்ணே?"

செண்பகராஜ் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவன்தான், கோணலான மூக்கை நேராக்கியும் கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்கியும் கொடுத்தவன். அன்றைக்கு அவனால் முடியவில்லை.

"தெரியாது பாப்பா. எந்த ஃப்ரேம்ல நிப்பாட்டுறமோ அந்த ஃப்ரேம்தான் அதுக்கப்புறம். வாயத் தொறந்திருந்தா தொறந்தபடியே."

"எம்புட்டு நாளைக்கு?"

"முடிவே கெடையாது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில், அவள் முதல்நாள் கொண்டுவந்த கிளிப் டைம்லைனில் நீளமாகக் கிடந்தது. செண்பகராஜ் ஜன்னல்வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்," என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

அவளுக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியும். அருகே நின்று பார்த்தவள்தானே. அப்பாவுக்குப் போன் செய்தாள். "அப்பா, இப்ப எங்க இருக்க?" "எங்க இருப்பேன், ஒங்கம்மா முன்னாலதான்." "கொஞ்சம் தள்ளிப் போப்பா. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போயி நில்லு." அவர் ஏன் என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார். "காளி, வேண்டாம் தாயி," என்றார். "இன்னும் கொஞ்ச நாளு. பொங்கல் வரைக்குமாவது." அவர் நடக்கிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். செருப்பு சரளையில் தேய்கிற சத்தம் கேட்டது. அவர் அழுதுகொண்டே நடந்தார்.

காளீஸ்வரி பத்தை அழித்துவிட்டு நூறு என்று அடித்து, சேவ் கொடுத்தாள்.

டவுனிலேயே ஜன்னல் அதிர்ந்தது. நெடுங்கரிசலில் இத்தனை காலம் விரிந்துகொண்டிருந்த தீ ஒரு கண்சிமிட்டலில் விரிந்து முடிந்தது. கூரைத் தகரங்கள் பந்தலின் மேல் வந்து விழுந்தன. எலுமிச்சம்பழங்கள் வெந்து தெறித்தன. எல்லாம் கரியானபிறகு, தீயணைப்பு வண்டி அன்றைக்கு அடித்த தண்ணீர் வந்து சேர்ந்து, அணைக்க ஒன்றுமில்லாத சாம்பலின்மேல் சடசடவென்று விழுந்தது. கொஞ்சநேரம் ஊரே செவிடானதுபோல் இருந்தது. பிறகு கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின.

செண்பகராஜ் டீக்கடையிலிருந்து வந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். போலீஸ் வரும்வரை அவன் ஜன்னலருகே போய் நின்றுகொண்டான்.

இந்தமுறை மூன்று சாவு. சாவென்றால் கொன்றவர் வேண்டும், கொன்றவர் யாரென்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊர் காளீஸ்வரியின் வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியது. பெற்ற தாயைக் கொன்றவள் என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். தூற்றியவர்களில் சிலர் கூட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டவர்கள். முதலாளி மூவரையும் தன் செலவில் சந்தனக்கட்டை வைத்து எரித்தார். மேடையில் பேசும்போது குரல் தழுதழுத்தது.

வழக்கு நடந்தது. சாட்சிகள் யாரும் பொய் சொல்லவில்லை. தாசில்தார் வந்து, மூன்று பேரும் உயிரோடிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பெரியகருப்பன் தினமும் பூசை வைத்ததைச் சொன்னார். ராஜகனியின் புருஷன், அவளிடம் சம்மதம் கேட்டதைச் சொன்னான். செண்பகராஜ் கூண்டில் ஏறி, "நான் டீ குடிக்கப் போயிருந்தேன் ஐயா. வந்து பாக்கையில நூறுன்னு இருந்துச்சு," என்றான். அதுவும் உண்மை.

கடைசியாகச் சுடலைமணி ஏறினார். திருநீறு பூசியிருந்தார்.

"வேலம்மாள் உங்க மனைவிதானே?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"ஆமாய்யா."

"சம்பவத்தன்னிக்குக் காலையில அவங்களப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உயிரோட இருந்தாங்களா?"

சுடலைமணி மகளைப் பார்த்தார். இரண்டு பெண்போலீசுக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். மூக்கிலிருந்து உதடுவரை அப்படியே வேலம்மாள். அவர் கூண்டுக் கம்பியை வெந்த விரல்களால் பிடித்துக்கொண்டார். நீதிபதி, "சொல்லுங்க," என்றார்.

"உசுரோடதான் இருந்தா," என்றார் சுடலைமணி. "கண்ணெமை பாதி எறங்கியிருந்துச்சு."

நீதிபதி காளீஸ்வரியிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்கு வலிச்சுது ஐயா," என்றாள் அவள். வேறெதுவும் சொல்லவில்லை. அதை எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு வேறொரு நாளைக்கு என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். முதலாளி கைகூப்பியபடி காரேறினார். கொட்டகை இருந்த இடத்தைச் சமன்படுத்தி, புதிதாகக் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாயிற்று, வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் டிரைவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். சுடலைமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மகளை ஏற்றிய போலீஸ் வேனுக்கருகே போனார். கம்பிவலைக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. என்னவெல்லாமோ சொல்ல வந்தவர், "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"இரு, இந்தா வந்துட்டேன்," என்று எதிர்ச்சாரியில் இருந்த கடைக்கு ஓடினார். நான்கு இட்லி கட்டச் சொன்னார். சாம்பாரைத் தனியாக ஊற்றச் சொன்னார். சீக்கிரம், சீக்கிரம் என்றார். கடைக்காரர் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார். சுடலைமணி சூடான பொட்டலத்தோடு ரோட்டைத் தாண்டி வந்தபோது வேன் போய்விட்டிருந்தது.